அமெரிக்க உணவகங்களுக்கான கொரோனா நிவாரண நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 மே மாதத்தில் அமெரிக்காவில் உணவகம் நடத்துகிறவர்கள் விழுந்தடித்துக்கொண்டு விண்ணப்பித்த நிதி இது. வாசல் மூடி வருடக்கணக்காகியும் கேள்விகள் நிற்கவில்லை. வாங்கியவர்களுக்குக் கணக்குக் காட்டுவதில் சந்தேகம், வாங்காதவர்களுக்கு ஏன் வரவில்லை என்ற ஆதங்கம். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இந்தப் பக்கம். தொகைகளை நமக்குப் பழகிய லட்சம், கோடியிலேயே எழுதியிருக்கிறோம். 1 பில்லியன் என்பது 100 கோடி, 1 மில்லியன் என்பது 10 லட்சம்.

இது என்ன நிதி, யார் கொடுத்தது?

பெயர் ரெஸ்டாரன்ட் ரீவைட்டலைசேஷன் ஃபண்ட், சுருக்கமாக ஆர்.ஆர்.எஃப். 2021 மார்ச் 11 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டத்தில் இதற்கென 2,860 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. நடத்தியது எஸ்.பி.ஏ. எனப்படும் சிறு தொழில் நிர்வாகம். கடன் அல்ல, மானியம். சொன்ன செலவுகளுக்குச் சொன்ன தேதிக்குள் செலவழித்தால் திருப்பித் தர வேண்டியதில்லை.

ஏற்கனவே பி.பி.பி. கடன் இருந்ததே, தனியாக இது எதற்கு?

பி.பி.பி. (பேசெக் ப்ரொடெக்‌ஷன் புரோகிராம்) என்பது கொரோனா காலத்தில் அரசு கொடுத்த, நிபந்தனைப்படி செலவழித்தால் தள்ளுபடி ஆகும் கடன். அது சம்பளத்தை வைத்து அளந்த பணம். சராசரி மாதச் சம்பளச் செலவின் 2.5 மடங்கு கிடைக்கும். உணவகத்தின் வலி வேறு இடத்தில் இருந்தது. உள்ளே உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை, வாடகை நிற்கவில்லை, குளிர்பெட்டியில் வாங்கி வைத்த சரக்கு அழுகியது. போதாக்குறைக்கு 2020 ஏப்ரலில் வந்த முதல் விதிப்படி 8 வாரத்துக்குள், 75 சதவீதத்தைச் சம்பளத்துக்கே செலவழித்தால்தான் கடன் முழுதும் தள்ளுபடி. மூடிக் கிடக்கிற கடையில் யாருக்குச் சம்பளம் கொடுப்பது? ஜூன் மாதம் அதை 24 வாரம், 60 சதவீதம் என்று தளர்த்தினார்கள். 2021 ஜனவரியில் இரண்டாம் சுற்றில் உணவகம், தங்கும் விடுதி ஆகிய தொழில்களுக்கு மட்டும் 3.5 மடங்கு ஆக்கினார்கள். அப்போதும் அது சம்பளப் பணம்தான். இழந்த விற்பனையை நேரடியாக அளந்தது ஆர்.ஆர்.எஃப். ஒன்றே.

யாருக்கெல்லாம் தகுதி இருந்தது?

உணவகம், உணவு வண்டி, தள்ளுவண்டி, கேட்டரிங், மதுக்கூடம், சிற்றுண்டிக் கடை, காப்பி டீக் கடை ஆகியவை நேரடியாகத் தகுதி பெற்றன. பேக்கரி, பீர் காய்ச்சும் இடம், ஒயின் ஆலை, வடிசாலை, சத்திரம் போன்றவற்றுக்கு ஒரு நிபந்தனை: 2019 வருமானத்தில் குறைந்தது 33 சதவீதம் அந்த இடத்திலேயே பொதுமக்களுக்கு விற்றதாக இருக்க வேண்டும்.

நம்மவர்கள் இடறியது இங்கேதான். இனிப்பு, காரம் செய்து இந்திய மளிகைக் கடைகளுக்கு மொத்தமாக அனுப்பிவிட்டு, முன்பக்கத்தில் சின்னக் கவுன்டர் வைத்திருப்பவர் பேக்கரி வகையில் வந்தால் அந்த 33 சதவீதத்தைக் காட்டியாக வேண்டும். கவுன்டரில் 20 சதவீதம்தான் போகிறது என்றால் தகுதி இல்லை. மளிகைக் கடைக்குள் தோசைக் கவுன்டர் வைத்திருந்தவர்களுக்கும் சிக்கல்தான். மக்கள் அங்கே முதன்மையாக உண்ணவோ குடிக்கவோதான் வருகிறார்களா என்பதே சட்டத்தின் கேள்வி. வருவது பருப்பு வாங்க என்றால் அது மளிகைக் கடை.

யார் விலக்கப்பட்டார்கள்?

2020 மார்ச் 13 அன்று 20 கிளைக்கு மேல் வைத்திருந்தவர்கள், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள், அரசே நடத்தும் இடங்கள், நிரந்தரமாக மூடியவர்கள், சாப்டர் 7 (சொத்தை விற்றுத் தொழிலை முடிக்கும்) திவால் மனு போட்டவர்கள், மூடப்பட்ட அரங்குகளுக்கான மானியத்துக்கு விண்ணப்பித்தவர்கள். சாப்டர் 11 (தொழிலைத் தொடர்ந்தபடி கடனைச் சீரமைக்கும் திவால்) என்றால், மறுசீரமைப்புத் திட்டத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் இருந்தால் மட்டும் விண்ணப்பிக்கலாம்.

20 கிளைக் கணக்கில் வேறு பெயரில் நடத்தினாலும் உங்களுக்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு, அல்லது ஒப்பந்த வழியில் கட்டுப்பாடு இருக்கும் கடைகளும் சேரும். உரிமம் பெற்று ஒரு சங்கிலி உணவகத்தின் பெயரில் கடை நடத்துபவருக்கு அவருடைய கிளைகள் மட்டுமே கணக்கு. அந்தச் சங்கிலிக்கு நாடு முழுக்க 500 கடை இருந்தாலும் அது அவர் தலையில் ஏறாது.

எவ்வளவு தொகை என்று எப்படிக் கணக்கிட்டார்கள்?

2019 மொத்த வரவிலிருந்து 2020 மொத்த வரவைக் கழி. அதிலிருந்து இரு சுற்றிலும் வாங்கிய பி.பி.பி. தொகையைக் கழி. மிச்சம்தான் மானியம். குறைந்தது 1,000 டாலர். ஒரு கிளைக்கு அதிகபட்சம் 50 லட்சம், துணை நிறுவனங்கள் எல்லாம் சேர்த்து 1 கோடி டாலர்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 2019 வரவு 8,40,000 டாலர். 2020 வரவு 4,90,000. இடைவெளி 3,50,000. பி.பி.பி. முதல் சுற்றில் மட்டும் வாங்கியது 96,000. மானியம் 2,54,000 டாலர்.

லாபமா நட்டமா என்று யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 2020இல் ஆட்களைக் குறைத்து, பார்சல் மட்டும் விற்று லாபம் பார்த்த கடைக்கும் மானியம் உண்டு. விற்பனையை 2019 அளவிலேயே பிடித்து வைத்து, ஆனால் டெலிவரிக் கமிஷனிலும் பொட்டலச் செலவிலும் கரைந்துபோன கடைக்கு எதுவும் இல்லை. சூத்திரம் எளிமையாக இருந்தது, நியாயமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

2019 நடுவில் கடை திறந்தவர்களுக்கு?

2019இல் நடந்த மாதங்களின் சராசரியை 12ஆல் பெருக்கி, அதை ஓராண்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். செப்டம்பர் 2019இல் திறந்த கடை 4 மாதத்தில் 2,00,000 டாலர் விற்றது என்றால் மாதச் சராசரி 50,000, ஆண்டுக்கு 6,00,000. 2020 வரவு 3,60,000, பி.பி.பி. 60,000 என்றால் மானியம் 1,80,000. 2019 வரவு 2,00,000 என்று உள்ளபடியே போட்டவர்களுக்கு விடை பூஜ்யத்துக்குக் கீழே போனது. விரும்பினால் இவர்கள் அடுத்த கேள்வியில் உள்ள முறையையும் தேர்ந்தெடுக்கலாம்.

2020இல் திறந்தவர்கள், இன்னும் திறக்கவே திறக்காதவர்கள்?

2020 பிப்ரவரி 15 முதல் 2021 மார்ச் 11 வரை செய்த தகுதியான செலவுகளைக் கூட்டி, அதிலிருந்து 2020 வரவு, 2021 மார்ச் 11 வரையான வரவு, பி.பி.பி. மூன்றையும் கழிக்க வேண்டும்.

மொத்த வரவு என்றால் கல்லாவில் விழுந்தது எல்லாமா?

இல்லை. அதிகம் பேர் பணத்தை இழந்ததோ, பின்னால் மாட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்ததோ இந்த ஒரு எண்ணில்தான்.

முதலில், அரசு உதவிகள் வரவில் சேராது. பி.பி.பி., எஸ்.பி.ஏ.வின் பேரிடர்க் கடன் (ஈ.ஐ.டி.எல்.), அதோடு வந்த முன்பண மானியம், மாநிலமோ நகரமோ கொடுத்த உதவி, எல்லாவற்றையும் 2020 வரவிலிருந்து எடுத்துவிட வேண்டும். மேலே சொன்ன கடையின் கணக்காளர் 4,90,000 விற்பனையோடு 96,000 பி.பி.பி., 10,000 முன்பணம், நகராட்சி கொடுத்த 15,000 ஆகியவற்றையும் வரவில் பதிந்துவிட்டார் என்று வையுங்கள். 2020 வரவு 6,11,000 ஆகிவிடும். இடைவெளி 2,29,000. அதில் பி.பி.பி.யை மறுபடி கழித்தால் மானியம் 1,33,000தான். பி.பி.பி.யை இரண்டு முறை கழித்ததும் மற்ற உதவிகளை விற்பனை ஆக்கியதும் சேர்ந்து 1,21,000 டாலரைத் தின்றுவிட்டன.

அடுத்து, வாடிக்கையாளரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் விற்பனை வரி உங்கள் வரவு அல்ல. பில் போடும் மெஷினின் நாள் கடைசி மொத்தத்தில் வரியும் ஊழியருக்குப் போகும் டிப்ஸும் கலந்திருக்கும். அந்த மொத்தத்தை அப்படியே எழுதினால் வரித்தாக்கலில் உள்ள எண்ணோடு ஒட்டாது.

மூன்றாவது, டெலிவரி செயலிகள். 40 டாலர் ஆர்டருக்கு 30 சதவீதக் கமிஷன் பிடித்து 28 டாலரை வங்கியில் போடுவார்கள். வரவு 40, கமிஷன் 12 செலவு. செயலி அனுப்பும் 1099-கே படிவத்திலும் கமிஷனுக்கு முந்தைய தொகைதான் இருக்கும். 2019இல் செயலி விற்பனை சொற்பம். 2020இல் பாதி விற்பனை அதில்தான். வங்கியில் விழுந்த 28ஐ மட்டும் வரவாக வைத்தவர்களுக்கு 2020 எண் செயற்கையாக இறங்கியது, மானியம் தகுதிக்கு மேல் ஏறியது. வாங்கும்போது இனிக்கும். தணிக்கையில் கேட்டால் பதில் இருக்காது.

2019இல் ரொக்க விற்பனையைக் கணக்கில் காட்டாதவர்கள் என்ன செய்தார்கள்?

எதுவும் செய்ய முடியவில்லை. விண்ணப்பத்தோடு 4506-டி படிவத்தில் கையெழுத்து வாங்கி, வருமான வரித் துறையிடமிருந்தே வரித்தாக்கல் நகலை எடுத்து ஒப்பிட எஸ்.பி.ஏ. அதிகாரம் பெற்றுக்கொண்டது. 9 லட்சம் விற்ற கடை 6 லட்சம் என்று தாக்கல் செய்திருந்தால், இந்தத் திட்டத்தின் கண்ணில் அது 6 லட்சம் கடைதான். வரியில் மிச்சம் பிடித்தது மானியத்தில் போனது.

என்னென்ன ஆவணம் தேவைப்பட்டது?

விண்ணப்பம் படிவம் 3172. வரவுக்குச் சான்றாக வணிக வரித்தாக்கல், அல்லது தனிநபர் தாக்கலின் ஷெட்யூல் சி (தொழில் வரவு செலவைக் காட்டும் பகுதி), வங்கிக் கணக்கு அறிக்கை, வரவு செலவுக் கணக்கு, பில் மெஷின் அறிக்கை ஆகியவற்றில் பொருந்துவது. 2020 தாக்கல் முடியாதவர்கள் வங்கி அறிக்கையோ பில் மெஷின் அறிக்கையோ கொடுக்கலாம். மத்திய அரசு மானியங்களுக்கு வழக்கமாகக் கேட்கும் சாம் பதிவும் (அரசுத் தளத்தில் நிறுவனப் பதிவு) டன்ஸ் எண்ணும் (நிறுவன அடையாள எண்) தேவையில்லை என்றது பெரிய ஆறுதல். ஸ்கொயர், டோஸ்ட், க்ளோவர் போன்ற பில் மெஷின் நிறுவனங்கள் வழியாகவும் விண்ணப்பிக்க முடிந்தது.

இவ்வளவு பணம் எப்படி மூன்று வாரத்தில் காலியானது?

2021 மே 3 நண்பகல் திறந்தது. முதல் இரண்டு நாளில் மட்டும் 1,86,000 விண்ணப்பத்துக்கு மேல் வந்தன. மே 24 இரவு விண்ணப்பம் மூடப்பட்டது. தகுதியான விண்ணப்பங்கள் 2,78,000க்கு மேல், கேட்ட தொகை 7,220 கோடி டாலர், கையில் இருந்தது 2,860 கோடி. ஏறத்தாழ 1,01,000 பேருக்குச் சராசரியாக 2,83,000 டாலர் போனது. 1,77,000 பேருக்கு ஒன்றும் இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் என்று பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு சட்டத்தில் இல்லை. கிடைத்தால் முழுசாக, இல்லையென்றால் இல்லை. படைக்குப் பிந்தியவர்கள் பந்திக்கும் பிந்தினால் இலையே கிடையாது என்ற கதை.

சிறு கடைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருந்தது. 2019 வரவு 5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு 500 கோடி, 5 முதல் 15 லட்சம் வரை 400 கோடி, 50,000 டாலருக்குள் உள்ள மிகச் சிறியவர்களுக்கு 50 கோடி. தேவையின் முன்னே அவையும் போதவில்லை.

முன்னுரிமை என்றார்கள், ஒப்புதல் கடிதமும் வந்தது, பிறகு ஏன் ரத்தானது?

முதல் 21 நாள் பெண்கள், முன்னாள் படைவீரர்கள், சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கியவர்கள் 51 சதவீதம் உரிமை வைத்திருந்த கடைகளின் விண்ணப்பங்களை மட்டும் பரிசீலித்தார்கள். அப்போதைய எஸ்.பி.ஏ. விதியில் இந்தியா, இலங்கை உட்படத் தெற்காசிய வம்சாவளியினர் சமூகரீதியில் பின்தங்கியோராகக் கருதப்பட்டார்கள். அதனால் நம்மவர் கடைகள் பலவும் அந்த வரிசையில் நின்றன.

டென்னசியில் ஓர் உணவக உரிமையாளர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். மே 27 அன்று ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இனம், பாலினம் பார்த்து வரிசை அமைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. படைவீரர் முன்னுரிமையில் கை வைக்கவில்லை. டெக்சாஸிலும் இதே மாதிரி உத்தரவு வந்தது. அதற்குள் ஒப்புதல் பெற்று, பணம் மட்டும் வங்கிக்கு வராமல் இருந்த ஏறத்தாழ 3,000 கடைகளின் ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. கடிதத்தை நம்பி ஆள் எடுத்தவர்கள், வாடகைப் பாக்கிக்குத் தவணை பேசியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். மானியங்களில் ஒப்புதலைப் பணமாக எண்ணக் கூடாது. வங்கியில் விழுந்த பிறகுதான் அது பணம்.

மறுபடி நிதி போடுவார்கள் என்றார்களே?

2022 ஏப்ரல் 7 அன்று பிரதிநிதிகள் சபை இந்த நிதிக்கு 4,200 கோடி டாலர் ஒதுக்கும் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் உணவகங்களுக்கு 4,000 கோடி ஒதுக்கி வந்த மசோதா மே 19 அன்று விவாதத்துக்கே போகவில்லை. 60 வாக்கு தேவை, கிடைத்தது 52. 2022 நவம்பரில் மிச்சம் மீதி 8.3 கோடி டாலரை விண்ணப்பித்த வரிசைப்படி 169 பேருக்குக் கொடுத்தார்கள். அத்தோடு சரி.

எதற்கெல்லாம் செலவழிக்க முடிந்தது?

சம்பளம், நோய் விடுப்புச் சம்பளம், வாடகை, கட்டடக் கடன் தவணை, பிற தொழில் கடன் தவணை, மின்சாரம், எரிவாயு, தண்ணீர், பராமரிப்பு, வெளியே மேசை போடக் கட்டுமானம், முகக்கவசம், சுத்தம் செய்யும் பொருள், அரிசி, எண்ணெய், காய்கறி உள்ளிட்ட சரக்கு, காப்பீடு, உரிமக் கட்டணம், கணக்காளர் கட்டணம், விளம்பரம். சம்பளத்தில் ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 1,00,000 டாலர் விகிதத்துக்கு மேல் எண்ண முடியாது.

காலம் 2020 பிப்ரவரி 15 முதல் 2023 மார்ச் 11 வரை. அந்தக் காலத்தில் ஏற்பட்ட பழைய பாக்கியை அடைக்க முடிந்தது. ஆனால் வாடகையையோ கடன் அசலையோ முன்கூட்டிக் கட்ட அனுமதி இல்லை. பணம் கையில் இருக்கிறதே என்று கடனை மொத்தமாக அடைத்தவர்கள் இங்கே தவறினார்கள். அன்றாடத் தொழிலுக்கு வெளியே உள்ள செலவுகளும் சேராது.

செலவுக் கணக்கை எஸ்.பி.ஏ.வின் தளத்தில் பதிய வேண்டியிருந்தது. முதல் கெடு 2021 டிசம்பர் 31, கடைசிக் கெடு 2023 ஏப்ரல் 30. ரசீது, சம்பளப் பதிவேடு, வங்கி அறிக்கை, பில் மெஷின் தரவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். பில் மெஷின் நிறுவனத்தை மாற்றும்போது பழைய தரவு கைவிட்டுப் போகும். மாற்றும் முன் 2019, 2020 அறிக்கைகளை இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள்.

மானியத்துக்கு வருமான வரி உண்டா?

மத்திய வருமான வரி இல்லை. அந்தப் பணத்தில் செய்த செலவையும் வழக்கம்போல் கழித்துக்கொள்ளலாம். மாநில வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

ஊழியரை நிறுத்தாமல் வைத்திருந்ததற்கான வரிச்சலுகையையும் சேர்த்து எடுத்தோம். சரியா?

இரண்டையும் எடுக்க அனுமதி இருந்தது, ஒரே சம்பளத்துக்கு இரண்டையும் எடுக்க முடியாது. 2021இல் ஓர் ஊழியருக்கு ஒரு காலாண்டில் 10,000 டாலர் சம்பளம் வரை 70 சதவீதம், அதாவது 7,000 டாலர் வரை சலுகை இருந்தது. அப்போது இருந்த வழி இதுதான்: மானியத்தை முடிந்தவரை வாடகைக்கும் சரக்குக்கும் காட்டிவிட்டு, சம்பளத்தைச் சலுகைக்கு விட்டுவைப்பது. எந்த வாரச் சம்பளம் எதற்குப் போனது என்று ஒரு தாள் எழுதி வையுங்கள். மானிய அறிக்கை முழுக்கச் சம்பளம் என்று போட்டுவிட்டு, அதே காலாண்டுகளுக்குச் சலுகையும் வாங்கியிருந்தால், வரித் துறையோ எஸ்.பி.ஏ.வோ கேட்கும் முன் உங்கள் சி.பி.ஏ.விடம் (உரிமம் பெற்ற கணக்காளர்) பேசித் திருத்துங்கள்.

பணம் வாங்கிய பிறகு கடையை மூடிவிட்டோம்.

மூடிய நாளோடு உங்கள் செலவுக் காலம் முடிந்தது. அதுவரை தகுதியான செலவுக்குப் போனது போக மிச்சத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

கிடைக்காதவர்கள் எப்படித் தாக்குப் பிடித்தார்கள்?

பலர் ஈ.ஐ.டி.எல். வாங்கினார்கள். 3.75 சதவீத வட்டி, 30 ஆண்டு. உச்சவரம்பு 2021 ஏப்ரலில் 5 லட்சமாகவும் செப்டம்பரில் 20 லட்சமாகவும் ஏறியது. இது முழுக்கக் கடன், தள்ளுபடி கிடையாது. 25,000 டாலரைத் தாண்டினால் தொழில் சொத்து ஈடு. 2 லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் சொந்த உத்தரவாதம். பக்கத்துக் கடைக்காரர் மானியத்தில் மூச்சு விட்டார், இவர் அதே தெருவில் 30 ஆண்டுத் தவணை கட்டுகிறார். தவணை நின்றுபோயிருந்தால் கடிதங்களைப் பிரிக்காமல் அடுக்காதீர்கள். பாக்கி கருவூலத்துக்குப் போனால் கூடுதல் வசூல் கட்டணம் சேரும்.

பழைய விண்ணப்பத்தை உயிர்ப்பித்து வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்று ஒருவர் அழைக்கிறார்.

போனை வையுங்கள். உயிர்ப்பிக்க எதுவும் இல்லை. திட்டம் நடந்தபோதும் எஸ்.பி.ஏ. விண்ணப்பக் கட்டணம் வாங்கியதில்லை. அவர் கேட்பது பெரும்பாலும் உங்கள் வரி எண், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம். அவற்றை ஏற்கனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே வங்கிக்குச் சொல்லிக் கணக்கைக் கவனிக்கச் சொல்லுங்கள், கடன் மதிப்பீட்டு நிறுவனங்களிடம் உங்கள் பெயரில் புதுக் கடன் வாங்க முடியாதபடி முடக்கம் போடுங்கள்.